நாவுக்குத் துணை வேண்டும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், டுரியான் பருவத் தொடக்கத்தில், வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



சுவையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நம் தீவின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். மலாய் மொழியில் பினாங் என்றால் பாக்கு. புலாவ் பினாங் என்றால் பாக்குத் தீவு. பாக்கின் சுவை துவர்ப்பு. ஆற்றின் பெயரையும் அரசரின் பெயரையும் தாங்கிய ஊர்கள் எத்தனையோ உண்டு. நம் தீவு ஒரு துவர்ப்பான கொட்டையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனிப்பை யாரும் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதில்லை. துவர்ப்பும் கைப்பும் அப்படி வருவதில்லை. முதல் முறை பாகற்காய் வாயில் பட்டதும் துப்பினோம். பாட்டி வெற்றிலை மடிக்கும்போது கேட்டு வாங்கிய பாக்குத் துண்டையும் துப்பினோம். பிறகு பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகினோம். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான்: நாவுக்குத் துணை வேண்டும். ஒரு பண்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பண்டம் வேண்டும், ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இன்னொரு மனிதர் வேண்டும், இருவருக்கும் நடுவில் சொந்த மொழியின் சொல் வேண்டும்.

நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும். தண்ணீர் மாறவில்லை, அதற்கு முன்னால் வந்தது மாறியிருக்கிறது. சித்திரை முதல் நாளில் மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தோடு வேப்பம்பூவைச் சேர்க்கிறோம். கைப்பு பக்கத்தில் இருப்பதால் வெல்லம் துலங்குகிறது. ஒப்பிட்டுச் சுவைப்பது எங்கோ வெளிநாட்டில் பிறந்த கலை என்று எண்ண வேண்டாம். அது நம் அடுக்களையில் எப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கலையை ஒரு முறையாக வளர்த்து, பதிவு செய்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றியவர்களிடம் நாம் கற்க வேண்டியதும் இருக்கிறது. அதற்காகக் கொஞ்ச நேரம் உங்களைப் பிரான்ஸ் நாட்டின் போர்டோவுக்கு அழைத்துப் போகிறேன்.

மதுவைப் பற்றித் தமிழர் அவையில் பேசும்போது ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் நம் முன்னோர் பலருக்கு மது என்றால் தோட்டத்துக் கள்ளுக்கடை. உழைத்த கூலி அந்தக் கடையில் கரைந்தது, வீட்டில் அடுப்பு அணைந்தது. அக்கரையில் கெடாவில் 1947-ஆம் ஆண்டுவாக்கில் தோட்டத் தொழிலாளர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தார்கள், அடக்குமுறையையும் சந்தித்தார்கள். அவர்களை மறந்துவிட்டு நான் இங்கே நிற்கவில்லை. யாரையும் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. ஒரு வாய் அளவை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசும் மனிதர்களின் கவனத்தைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

போர்டோவில் ஜிரோந்து என்னும் கழிமுகம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. இடக்கரையில் மெடோக் வட்டாரம், கூழாங்கல் மண். அங்கே கேபர்னே சோவின்யோன் என்ற திராட்சை முதன்மை. வலக்கரையில் சாந்த் எமிலியோன், பொமெரோல். அங்கே களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த நிலத்தில் மெர்லோ என்ற திராட்சை ஓங்கி நிற்கிறது. 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டதன்பேரில் இடக்கரைத் தோட்டங்களை விலையையும் பெயரையும் வைத்து ஐந்து படிகளாக வரிசைப்படுத்தினார்கள். லஃபீத், லத்தூர், மர்கோ, ஓ பிரியோன் என்ற நான்கும் முதல் படியில் நின்றன. அந்தப் பட்டியலில் பெரிய மாற்றம் என்று சொல்லத்தக்கது 1973-இல்தான் நடந்தது. அந்த ஆண்டு மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு உயர்ந்தது.

இந்தத் தோட்டங்களின் சிவப்பு ஒயினை இளமையிலேயே குடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் செய்யும் வேலை அது. நம் பாக்கிலும், கடுக்காயிலும், கட்டித் தேநீரிலும் இருப்பது அதே குடும்பத்துப் பொருள். அதைச் சொல்ல நமக்குத் துவர்ப்பு என்ற ஒற்றைச் சொல் போதும். அறுசுவையில் அதற்குத் தனி இடமே கொடுத்து வைத்திருக்கிறோம். பாட்டிலில் பத்து, இருபது, முப்பது ஆண்டு படுத்திருக்கும்போது அந்தத் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனத்து, அடியில் மண்டியாகத் தங்குகின்றன. நாவற்பழ நிறம் மெல்ல மாறிச் செங்கல் நிறமாகிறது. பழவாசம் பின்வாங்க, தோல், புகையிலை, உலர்ந்த இலை, மழை விழுந்த மண் என்று வேறு வாசங்கள் முன்னுக்கு வருகின்றன. துவர்ப்பு இல்லாத ஒயின் இத்தனை நாள் தாங்காது. இளமையில் வாயைக் கட்டும் பொருளே முதுமைவரை காத்து நிற்கிறது.

நண்பர்கள் கூடி இதைச் சுவைக்க இரண்டு முறைகள் உண்டு. ஒரே ஆண்டின் ஒயினைப் பல தோட்டங்களிலிருந்து எடுத்து வைப்பது ஒன்று. ஒரே தோட்டத்தின் ஒயினைப் பல ஆண்டுகளிலிருந்து எடுத்து வைப்பது மற்றொன்று. முன்னது நிலத்தின் வேறுபாட்டைக் காட்டும், பின்னது காலத்தின் வேறுபாட்டைக் காட்டும். பல ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர், தம் பணி ஓய்வு நாளில் எங்கள் நால்வருக்கு அப்படி ஒரு மேசை போட்டார். ஒரே மெடோக் தோட்டத்தின் 1990, 1996, 2005. மூன்று பாட்டிலையும் காகித உறைக்குள் மறைத்திருந்தார். பழைய பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து மண்டியைத் தங்கவிட்டு, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்தபடி, மண்டி வந்து சேரும் இடத்தில் ஊற்றுவதை நிறுத்தினார். அந்தக் கையின் நிதானம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

முதலில் நாங்கள் நால்வரும் சொன்னது "நல்லா இருக்கு" என்பதுதான். அவர் விடவில்லை. "எது போல இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் வைத்திருந்த புத்தகத்தில் பிளாக்கரண்ட் பழமும் தேவதாரு மரமும் எழுதப்பட்டிருந்தன. அவற்றை நாங்கள் அறிந்து வளரவில்லை. அப்போது எங்களில் ஒருவர், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகச் சொன்னார்: "நாவற்பழம் தின்ன வாய் மாதிரி இருக்கு. அப்புறம் அப்பாவோட சுருட்டுப் பெட்டியைத் திறந்தா வருமே, அது." மற்ற மூவரும் உடனே மறுபடி முகர்ந்து பார்த்தோம். சுருட்டுப் பெட்டி அங்கே இருந்தது. சொல் வந்த பிறகுதான் வாசம் எங்களுக்கும் வந்தது.

சொல்லுக்கு இருக்கும் இந்த ஆற்றல் நம்மை ஏமாற்றவும் கூடும். 2001-இல் வெளியான போர்டோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஒயின் கலை பயிலும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் விவரித்தார்கள். கண் முந்திக்கொண்டு சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டது. காகித உறை எதற்கு என்பது இதனால் விளங்கும். பெயரையும் விலையையும் மறைத்துவிட்டால் நா தன் வேலையைத் தானே செய்தாக வேண்டும்.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இத்தகைய ஒயினை 12, 14 பாகை செல்சியஸ் குளிர்ந்த நிலவறையில் வைக்க வேண்டும். நம் ஊரில் நிழலிலேயே 30 பாகை. இந்தத் தீவின் வெயிலில் பாட்டில் முதுமை அடையாது, கெட்டுத்தான் போகும். அப்படியென்றால் காலத்தையும் நிலத்தையும் நாவில் காட்டும் பொருள் நமக்கு எது? விடை தீவின் முதுகுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. போர்டோவில் முதுமை பாட்டிலுக்குள் நடக்கிறது, பினாங்கில் அது மரத்துக்குள் நடக்கிறது.

பாலிக் புலாவ் என்றாலே தீவின் பின்புறம் என்று பொருள். ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் வழியாக மலை ஏறி இறங்கினால் சரிவெங்கும் டுரியான் மரங்கள். ஜாதிக்காயும் கிராம்பும் கூடவே நிற்கும். டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் தேன் சுரந்து விடியலில் உதிர்ந்துவிடும். அந்த ஓர் இரவுக்குள் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பவை முதன்மையாக வௌவால்கள். பகலில் குகைகளில் தங்கி, அலையாத்திக் காட்டுப் பூக்களிலும் தேன் குடித்து, இரவில் நெடுந்தூரம் பறந்து வருகின்றன. குகையும் அலையாத்திக் காடும் அழிந்தால் தோட்டத்தில் பழம் குறையும். மூன்று, நான்கு மாதத்தில் காய் முற்றும். தாய்லாந்தில் பெரும்பாலும் முற்றிய காயை மரத்திலிருந்து அறுத்து அனுப்புகிறார்கள். இங்கே அது தானாக விழும்வரை காத்திருப்பார்கள், மரத்தடியில் வலை கட்டி வைப்பார்கள். இரவு விழுந்த பழம் காலையில் கடைக்கு வரும். முப்பது ஆண்டு காத்திருக்கும் ஒயின் ஒரு பக்கம், ஒரு நாள்கூடப் பொறுக்காத பழம் மறுபக்கம். ஆனால் அந்தப் பழம் விழும் மரம் பாட்டன் காலத்தில் நட்டது.

ஒட்டுக்கட்டிய கன்று ஐந்தாறு ஆண்டில் காய்க்கத் தொடங்கும். இளமரத்துப் பழம் இனிப்பும் பாலுமாக, நேராகப் பேசும். ஐம்பது, அறுபது ஆண்டு மரத்துப் பழத்தில் இனிப்புக்குப் பின்னால் கைப்பு வரும், கைப்புக்குப் பின்னால் ஒரு சாராய வாடை வரும், கடைசியில் நா லேசாக மரத்துப்போகும். தோட்டக்காரர்கள் மலாயில் "போக்கோக் துவா" என்று சொல்லும்போது, அதாவது முதிய மரம் என்னும்போது, குரலில் ஒரு மரியாதை ஏறுகிறது. பக்கத்தில் நின்று கேட்டவர்கள் அதை அறிவார்கள்.

போர்டோ மேசையில் கற்ற ஒழுங்கை நாங்கள் நால்வரும் பாலிக் புலாவுக்குக் கொண்டுபோனோம். பல பருவங்களாகப் போய்வருகிறோம். மென்மையானதில் தொடங்கிக் கைப்பானதில் முடிக்க வேண்டும், கைப்பை முதலில் தின்றால் பின்னால் வரும் இனிப்பெல்லாம் சப்பென்று போய்விடும். இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சுளை மங்குஸ்தீன். ஆளுக்கு ஒரு சுளைக்கு மேல் இல்லை. பெயரைத் தோட்டக்காரர் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

மலேசிய விவசாய இலாகா டுரியான் இனங்களுக்கு டி என்ற எழுத்தோடு எண் கொடுத்துப் பதிவு செய்கிறது. 1930-களில் தொடங்கிய பழக்கம் இது. ஹோர் லோர் என்பது 1987-இல் பதிவான டி163. ஹொக்கியன் மொழியில் சுரைக்குடுவை என்று பொருள், வடிவமும் அப்படித்தான். சுளை சற்று உலர்ந்து, நாவில் ஒட்டி, அடக்கமாக இருக்கும். நாங்கள் இதில்தான் தொடங்குவோம். அடுத்து ஆங் ஹே, சிவப்பு இறால். மலாயில் ஊடாங் மேரா, எண் டி175, பதிவு 1990. வேகவைத்த இறாலின் செம்மஞ்சள் நிறம். இளமரத்தில் பால்கோவா போல இருக்கும் இந்தப் பழம், முதிய மரத்தில் கருப்பட்டிப் பாகின் கடைசிக் கொதி போல இருக்கிறது. ஒரே இனம், இரண்டு வயது. 1990-ஐயும் 2005-ஐயும் பக்கத்தில் வைத்த அதே பாடம் எங்களுக்கு இங்கே கிடைத்தது. பிறகு கருமுள். இதன் எண் டி200, பதிவு 2015. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் தோன்றியது. பழத்தின் அடியில் பூவின் எச்சம் காய்ந்து கருப்பாக ஒரு முள்போல நிற்பதால் அந்தப் பெயர். கடைசியில் மூசாங் கிங், டி197, பதிவு 1993, கிளந்தான் பக்கத்திலிருந்து வந்தது. அதன் பழைய பெயர் ராஜா குனிட். குனிட் என்றால் மஞ்சள். நம் வீட்டு மஞ்சள் கிழங்கின் நிறத்தை மலாய்க்காரர் ஒரு பழத்துக்கு அரசப் பட்டமாகச் சூட்டியிருக்கிறார்கள்.

ஒரே இனம் மேற்குச் சரிவிலும் கிழக்குச் சரிவிலும் வேறுபடும். பழம் விழுவதற்கு முன் பெருமழை பெய்தால் சுளை நீர்த்துப்போகும். இதையெல்லாம் எங்கள் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவருகிறோம். முதல் பக்கத்தில் "நல்லா இருக்கு", "ரொம்ப நல்லா இருக்கு" என்ற இரண்டே வரிகள்தான் திரும்பத் திரும்ப இருக்கின்றன. மூன்றாம் பருவத்தில் "வேப்பம்பூ ரசம்", "பாலாடை கருகியது", "வதக்கிய சின்ன வெங்காயம்", "பாக்கு மென்ற பின் தண்ணீர்" என்று வந்திருக்கின்றன. பழம் அதேதான். எங்கள் நாவுகள் ஒன்றிடம் ஒன்று கற்றிருக்கின்றன.

வதக்கிய வெங்காயம் என்று எழுதியது வெறும் கற்பனை இல்லை. ஜெர்மனியின் ஃப்ரைசிங் நகரத்து ஆய்வாளர்கள் 2017-இல் டுரியான் வாசத்தைப் பிரித்துப் பார்த்து, இரண்டே இரண்டு சேர்மங்களைக் கலந்தால் அந்த வாசத்தின் அடையாளம் கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். ஒன்று பழவாசம் உடையது, மற்றது கந்தகம் சேர்ந்த, வறுத்த வெங்காய வாசம் உடையது. அதே ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மூசாங் கிங்கின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து, ஏறத்தாழ 46,000 மரபணுக்களைக் கண்டார்கள். கோக்கோவும், பருத்தியும், வெண்டைக்காயும் அதே குடும்பம். டுரியானையும் மதுவையும் சேர்க்காதே என்று பெரியவர்கள் சொல்லிவந்ததற்கும் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வு 2009-இல் ஒரு காரணம் காட்டியது. மதுவை உடல் சிதைக்க உதவும் ஒரு நொதியை டுரியானின் சாறு சோதனைக் குழாயில் தடுத்தது. ஆகவே நான் சொன்ன இரண்டு மேசைகளையும் ஒரே நாளில் போட வேண்டாம்.

வாசம் என்றதும் நம் மொழியின் பழைய சொல் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாற்றம் என்று நம் முன்னோர் பூவின் மணத்தையும் சொன்னார்கள். இன்று அந்தச் சொல் துர்நாற்றத்தோடு ஒதுங்கிவிட்டது. டுரியானுக்கு முள்நாறி என்று ஒரு தமிழ்ப் பெயர் வழங்குகிறது. அந்த "நாறி"யில் பழைய பொருளும் புதிய பொருளும் ஒருங்கே இருக்கின்றன. விடுதி வாசலில் தடைப் பலகை வைக்கச் செய்யும் வாசமும், அதே வாசத்தைத் தேடி இருட்டில் மலை ஏறச் செய்யும் வாசமும் அதுதான். இந்தப் பழத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் நினைக்க முடியவில்லை.

நண்பர்களே, ஒரு கவலையையும் உங்கள் முன் வைக்கிறேன். 2019-இல் முழுப் பழத்தை உறையவைத்துச் சீனாவுக்கு அனுப்ப வழி திறந்தது. 2024-இல் உறையவைக்காத பழத்தை அனுப்பவும் உடன்பாடு ஏற்பட்டது. விவசாயிக்கு நல்ல விலை கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் சந்தை ஓரிரு பெயர்களை மட்டுமே கேட்கும்போது, கொட்டையிலிருந்து முளைத்த பெயரில்லாத மரங்களை வெட்டி அவற்றின் மேலேயே விலைபோகும் இனத்தை ஒட்டுக்கட்டுகிறார்கள். நாம் கம்பத்து டுரியான் என்று சொல்லி மலிவாக வாங்குவோமே, அந்த மரங்கள் அவை. கொட்டையிலிருந்து வளர்ந்த ஒவ்வொரு மரமும் தனி மரம், அதன் சுவை வேறெங்கும் கிடையாது. இன்று பெயர்பெற்ற இனங்களில் பலவும் ஒரு காலத்தில் அப்படிப் பெயரில்லாமல் நின்ற ஒரு மரத்திலிருந்து, யாரோ ஒருவர் நின்று நிதானித்துச் சுவைத்ததால் வந்தவை.

போர்டோக்காரர்கள் 1855-இல் ஒரு பட்டியல் எழுதினார்கள், அதனால் அவர்கள் தோட்டங்கள் இன்றும் பெயரோடு நிற்கின்றன. அந்தப் பட்டியல் விலையை வைத்து எழுதப்பட்டது. நாம் நாவை வைத்து எழுதலாம்.

உங்களிடம் நான் வேண்டுவது சின்னக் காரியம். இந்தப் பருவத்தில் நால்வராகச் சேர்ந்து பாலிக் புலாவுக்குப் போங்கள். மலை ஏற முடியாத பெரியவர்கள் ஆன்சன் சாலைக் கடைகளுக்குப் போகலாம். பெயருள்ள பழம் ஒன்று வாங்கினால், பக்கத்தில் கம்பத்துப் பழம் ஒன்றும் வாங்குங்கள். எந்தச் சரிவு, மரத்துக்கு என்ன வயது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவர் இருந்தால் அவரும் மரத்தை வெட்டுமுன் யோசிப்பார். வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கைப்பை அவர்கள் துப்பினால் துப்பட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ஒரு சுளையை வாயில் வைத்துக்கொண்டு அவர்களிடம் "எது போல இருக்கு?" என்று தமிழில் கேளுங்கள். வரும் விடையை ஒரு தாளில் எழுதி, தேதியும் மரமும் போட்டு வையுங்கள்.

எங்கள் குறிப்பேட்டில் சென்ற பருவத்தின் கடைசி வரி ஒரு கம்பத்து மரத்தைப் பற்றியது. நண்பரின் ஒன்பது வயதுப் பேத்தி சொன்னதை அப்படியே எழுதினோம்: "முதல்ல கசக்குது, அப்புறம் கொஞ்ச நேரம் யாரோ கூட இருக்கிற மாதிரி இருக்கு." அந்த மரத்துக்கு எண் இல்லை. இந்த ஆண்டும் அதன் கீழே போய் உட்காரப் போகிறோம்.